சிவப்பு நூல் தைத்த இஞ்ச் டேப்

என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் ஓரமாக நிற்கும் தையல் மெஷினின் சக்கரத்தில் ஒரு மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கும். அதன் முனைத் தகரம் கழன்று விழுந்து பல காலம் ஆகிறது. ஆரம்பத்து எண்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்துவிட்டன. நாற்பது இஞ்சைத் தாண்டிய ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு நூலால் குறுக்கே ஒரு தையல் போட்டிருக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ தையற்காரர்களின் கணக்கு போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். கணக்குதான், ஆனால் துணிக் கணக்கு இல்லை. அது என் அண்ணியின் ஒரு காலத்து வயிற்றுச் சுற்றளவு.

அந்தச் சுற்றளவோடு போனபோது ஓர் ஆஸ்பத்திரி அவரைத் திருப்பி அனுப்பியது. அதை உதறிவிட்டுப் போனபோது அதே ஆஸ்பத்திரி அவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஓடிய மாதங்களில் என் அண்ணனின் உயிர் ஊசலாடியது. ஜெயித்த கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அதிலும் ஜெயித்தது நான் இல்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளலாம்.

அண்ணிக்குப் பிறந்த வீடு பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் வாழ்க்கைப்பட்டு வந்தபோது சீரோடு ஒரு மூட்டைத் தேங்காயும் வந்தது. அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. ரசம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால் ஊற்றுவார். கல்யாணமான புதிதில் வயலில் இறங்கி நாற்றுப் பறித்தவர்தான். நடவுக்கு இயந்திரம் வந்தது, அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் போட்டிருப்பது அவர் தைத்த ஜாக்கெட்தான். உடம்பு வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாத்தனார் என்ற முறையில் குறை சொல்கிற உரிமை எனக்கு உண்டு, அதை நான் சும்மா விட்டதும் இல்லை. “அண்ணி, அந்த ஸ்டூல் பாவம்” என்பேன். “நீ ஒல்லியா இருந்து என்னத்தக் கிழிச்சுட்ட?” என்பார். நான் எங்கள் அம்மாவைப் போல ஈர்க்குச்சி உடம்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற நான், அட்டை அட்டையாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கால் வீங்கியது, முகம் ஊதியது, பிறகு ஒருநாள் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்னார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். வாசலைத் தாண்டினால் ஆறு, வீட்டுக்குப் பின்னால் பம்புசெட், நடுவில் என் அண்ணன் அரை டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கும் அவருக்கும் ரத்தப் பிரிவு சேரவில்லை. அம்மாவுக்கு முற்றிய சர்க்கரை. அண்ணியின் ரத்தம் யாருக்கும் ஒத்துப்போகிற பிரிவு. அதைக் கேட்டதும் அண்ணி, ஏதோ பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கிற மாதிரி, “அப்பறம் என்னங்க, என்னோடதை எடுத்துக்கங்க” என்றார்.

டாக்டர் நல்ல மனிதர். அண்ணியின் பரிசோதனைத் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டுச் சொன்னார். “அம்மா, உங்க சிறுநீரகம் நல்லா இருக்கு. ஆனா சர்க்கரை எல்லையில நிக்குது, கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, உயரத்துக்கு எடை ரொம்ப அதிகம். ஒண்ண எடுத்துட்டா மிச்சமிருக்கிற ஒண்ணு உங்களக் காலம்பூரா காப்பாத்தணும். இந்த உடம்போட எடுத்தா நாளைக்கு நீங்களும் இதே வார்டுக்கு வருவீங்க. கொறைச்சிட்டு வாங்க. முடியலைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.”

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. வேறு ஆள் கிடையாது. அது அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் தெரியும்.

எடையைச் சொன்னது டாக்டர். சதவீதத்தைக் கையில் எடுத்தவர் அந்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன். சின்னப் பெண், மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அண்ணியை வெறுங்காலோடு ஒரு மெஷினில் ஏற்றி, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னார். உடம்பில் நூற்றுக்கு முப்பத்தொன்பது பங்கு கொழுப்பு என்று அது காட்டியது. பிறகு இடுக்கி மாதிரி ஒரு கருவியால் கைக்குப் பின்னால், விலாவுக்குக் கீழே, தொடையில் என்று தோலை மடித்து மடித்துப் பிடித்துப் பார்த்தார், முப்பத்தாறு வந்தது. கடைசியில் டேப்பை எடுத்துக் கழுத்து, வயிறு, இடுப்பு என்று அளந்து, உயரத்தோடு சேர்த்து ஏதோ கணக்குப் போட்டார். அதில் நாற்பது.

“மூணு விதமாப் பாத்தா மூணு நம்பரா? எங்க ஊரு நெல் கொள்முதல் நிலையத்துல இப்படிச் சொன்னா ரோட்டுல உக்காந்துடுவாங்க” என்றார் அண்ணி.

அந்தப் பெண் சிரித்தார். “மூணுமே மதிப்பீடுதாம்மா. உள்ள இருக்கிற கொழுப்பை வழிச்செடுத்துத் தராசுல வைக்க முடியுமா? தோலுக்கு அடியில உள்ளத இடுக்கி புடிச்சுப் பாக்குது. குடலைச் சுத்தி உள்ளுக்குள்ள இருக்கிறத அதால புடிக்க முடியாது, அதை வயித்துச் சுத்தளவுதான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மெஷினு மெல்லிசா மின்சாரத்த விட்டுப் பாத்து யூகம் பண்ணுது. நம்பர் ரெண்டு மூணு முன்னப் பின்ன இருக்கும். எடையை மட்டும் பாத்தா இது எதுவுமே தெரியாது. சதையும் எடைதான், எலும்பும் எடைதான், தண்ணியும் எடைதான்.”

“மூட்டை எடை சரியா இருந்தாலும் நெல்லுல ஈரப்பதம் பாக்காம வாங்க மாட்டாங்கல்ல, அது மாதிரியா?” என்றார் அண்ணி.

“அதேதாம்மா” என்று அந்தப் பெண் மேஜையைத் தட்டினார். டெல்டாவில் பிறந்த இரண்டு பேருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த உவமையை அண்ணி அளவுக்கு மீறி இறுகப் பிடித்துக்கொண்டார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நடந்த இன்னொரு கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். துணைக்குப் போன நான் சும்மா இருக்காமல், “என்னையும் ஏத்திப் பாருங்களேன்” என்றேன். அண்ணிக்கு எதிரில் ஒரு நல்ல நம்பரைக் காட்டிவிடலாம் என்ற ஆசை. மெஷின் முப்பத்து மூன்று என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். “கெடலைக்கா. கை கால் குச்சியா இருக்கும், சதையே இருக்காது, உள்ள கொழுப்பு இருக்கும். நம்ம பக்கத்துல இப்படி நெறையப் பேரு. எடை மெஷினு உங்களப் பாராட்டும், சர்க்கரை வந்து நிக்கும்” என்றார் அந்தப் பெண். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில் அண்ணி சிரித்துக்கொண்டே வந்தார். அத்தனை துக்கத்திலும் அவர் அப்படிச் சிரித்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, இருந்தாலும் எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தன் டேப்பை எடுத்து வயிற்றை அளந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னதைவிட முக்கால் இஞ்ச் குறைவாகக் காட்டியது. பழைய துணி டேப், இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கிறது. “அப்ப ஊர்ல உள்ளவங்க ஜாக்கெட்டெல்லாம் தப்பாவா தச்சிருக்கீங்க?” என்று நான் விடாமல் பிடித்தேன். அண்ணி அசரவில்லை. “உடம்ப அளக்கறதும் இதே டேப்பு, துணிய வெட்டறதும் இதே டேப்பு. எந்த ஜாக்கெட்டாவது திரும்பி வந்திருக்கா? தப்பு ஒரே மாதிரி தப்பா இருந்தா ஒண்ணும் கெடாது. இனிமே நான் இதுலதான் அளப்பேன். கொறையுதா கூடுதான்னுதான பாக்கணும்.” ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, அந்த இடத்தில் நறுக்கென்று தையல் போட்டார். அடுத்த முறை போனபோது இதைக் கேட்ட டயட்டீஷியன், நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிட்டீங்க, மெஷினும் அப்படித்தான், அதே மெஷின், அதே வேளை, அதே மாதிரி வயிறு, அப்போதுதான் ஒரு நம்பரை இன்னொரு நம்பரோடு வைத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆனால் அந்த அடுத்த முறை நல்லபடியாகப் போகவில்லை. நாங்கள் திருச்சிக்கு முதலில் போனது மாசி மாதம், தவக்காலம் தொடங்குகிற சமயம். அண்ணி இதைக் கடவுளே காட்டிய வழி என்று எடுத்துக்கொண்டார். சாம்பல் புதனன்று ஆரம்பித்தவர் ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் கஞ்சி. புலால் கிடையாது, முட்டை கிடையாது, பருப்புக்கூடப் பேருக்குத்தான். ஊரே அவரது பக்தியை மெச்சியது. பங்குச் சாமியார் பூசை முடிந்து வெளியே வந்து, “இந்த வருஷம் உங்க ஒறுத்தல் மத்தவங்களுக்கு முன்மாதிரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணியும் மறுக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து மெஷினில் ஏறியபோது எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. சதவீதம் மட்டும் அதே முப்பத்தொன்பதில் கல்லு மாதிரி நின்றது.

டயட்டீஷியன் அண்ணியின் கையில் பலம் பார்க்கிற ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்த முடியவில்லை. “கொழுப்போட சேத்துச் சதையையும் கரைச்சுட்டீங்கம்மா. வீட்ல சாமான் ஜாஸ்தியாப் போச்சுன்னு சுவத்தையும் இடிப்பாங்களா? பட்டினி கெடந்தா உடம்பு எதைத் திங்கணும்னு நீங்க சொல்ல முடியாது” என்றார். அண்ணி அந்த அறையிலேயே அழுதார். நாற்பது நாள் பசியை அடக்கியவருக்கு அந்த நம்பர் ஒரு அறை மாதிரிதான் விழுந்திருக்கும். எனக்கு அந்த மெஷினைத் தூக்கி உடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. சோற்றை விடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் போய்ச் சோற்றை விடு என்றால் யார் கேட்பார்கள்? தட்டில் சோற்றுக்கு இருக்கிற இடத்தை மாற்றச் சொன்னார்கள். முதலில் முட்டையோ மீனோ பயறோ, பிறகு கீரை, அதற்குப் பிறகு ஒரு கரண்டிச் சோறு. சம்பா அறுத்த வயலில் தெளித்த பயறும் உளுந்தும் வீட்டில் மூட்டையாக இருந்தது. பேராவூரணித் தேங்காய் மூட்டையை அண்ணி என் தலையில் கட்டினார். “நீதான் ஒல்லி, நீ தின்னு” என்று அதிலும் ஒரு குத்தல். வாய்க்கால் கெண்டை மீனைத் தேங்காய்ப்பால் இல்லாமல் புளிக்குழம்பு வைத்து, முதல் வாய் சாப்பிட்டுவிட்டு அவர் முகத்தைச் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. அண்ணன் வயலுக்குப் போகிற நிலையில் இல்லை. அண்ணி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வரப்பு வெட்டினார், மடை கட்டினார், உர மூட்டையைத் தோளில் தூக்கினார். முதல் வாரம் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் முனகினார். போகப் போக அந்த முனகல் நின்றது. முழங்கைக்கு மேல் சதை இறுகியதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய ஜாக்கெட்தான், கைப்பகுதி இறுக்கிப் பிடித்தது, வயிற்றுப் பக்கம் தொளதொளத்தது. மாதத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்ப்பார். சிவப்புத் தையலுக்கும் விரல் நிற்கிற இடத்துக்கும் நடுவில் இடைவெளி வளர்ந்தது. சில மாதம் எடை அசையாது, டேப் மட்டும் இறங்கும். முன்பு என்றால் அதற்கு அழுதிருப்பார், இப்போது “மூட்டை எடையைப் பாக்காத, உள்ள என்னன்னு பாரு” என்று எனக்கே வகுப்பு எடுத்தார்.

அண்ணன் தேய்ந்துகொண்டே போனார். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பஸ் படியிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர், “போதும், விட்டுடு. நீ எதுக்கு இப்படிக் கஷ்டப்படற? புள்ளைங்களுக்கு நீயாவது முழுசா இரு” என்றார். அண்ணி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், “நடவு நட்டாச்சு. இப்பப் போயி வயலத் தரிசாப் போடச் சொல்றீங்களா?” என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புரட்டாசியில் குறுவை அறுப்பும், திருச்சியில் கடைசிப் பரிசோதனையும் ஒன்றாக வந்தன. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் பதினேழுக்கு மேல் காட்டினால் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே தார் ரோட்டில் நெல்லைப் பரப்பி, வெயில் எட்டிப் பார்க்கிற போதெல்லாம் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணியும் தள்ளினார். எங்கள் நெல் பதினாறு காட்டிப் போய்விட்டது. அந்த உற்சாகத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருச்சிக்குப் போவதற்கு முந்தின நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், மழை விட்டுக் காய்ந்த வெயிலில் பகல் முழுக்க நின்று, நெல்லைக் காயவைத்த மாதிரியே தன்னையும் காயவைத்துக்கொண்டார்.

மறுநாள் மெஷினில் ஏறினார். எடை நன்றாகவே இறங்கியிருந்தது. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சதவீதம் வந்தது, முப்பத்தெட்டு. அத்தனை மாத உழைப்புக்கும் ஒரே ஒரு புள்ளி. அது போதாதென்று ரத்தப் பரிசோதனையும் இடித்தது. டாக்டர் தாளைப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ரத்தத்துல கிரியேட்டினின் கழிவு கூடியிருக்கே. போன தடவை நல்லா இருந்துச்சு. உங்க சிறுநீரகமே இப்படின்னா இதை எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியாதும்மா” என்றார். அண்ணியின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது, அதை ஈரப்படுத்தக்கூட அவர் வாயில் எச்சில் இல்லை.

டயட்டீஷியன்தான் அந்த உதட்டைக் கவனித்தார். “கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?” என்று கேட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார், தார் ரோடு, வெயில், பதினேழு சதவீதம் எல்லாம். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நெல்லு காஞ்சா நம்பர் எறங்கும், நியாயந்தான். அந்த மெஷினு ஈரத்தை அளக்குது. இந்த மெஷினு ஈரத்த நம்பி மத்தத யூகம் பண்ணுதும்மா. சதையில தண்ணி இருக்கு, மின்சாரம் சுலபமாப் போகும். கொழுப்புல தண்ணி இல்ல, அதனால தடங்கும். நீங்க உடம்பக் காயவச்சுட்டு வந்து நின்னா எல்லா எடமும் தடங்குது, அதுக்கு என்ன தெரியும், எல்லாம் கொழுப்புன்னு எழுதிடுச்சு. சிறுநீரகமும் தண்ணி இல்லாமத்தான் தெணறியிருக்கு.”

“அப்ப குடம் தண்ணி குடிச்சுட்டு வந்தா நல்ல நம்பர் வருமா பாப்பா?” அண்ணிக்குத் தண்ணீர் உள்ளே போனதும் உயிர் வந்துவிட்டது.

“மெஷினை எப்படி வேணாலும் ஏமாத்தலாம்மா. ஆபரேஷன் டேபிள்ல உடம்ப ஏமாத்த முடியாது. எப்பவும் போல சாப்பிட்டு, எப்பவும் போல குடிச்சு, அடுத்த வாரம் வாங்க.”

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எனக்கும் அண்ணிக்கும்தான் தெரியும். அண்ணனிடம் சொல்லவில்லை, ஏதோ தேதி தள்ளிப்போய்விட்டது என்று சமாளித்தோம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டிய அண்ணி, அரை டம்ளர்க்காரர் எதிரில் குடிக்க மனம் வராமல் கொல்லைப்புறம் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

அடுத்த வாரம் மெஷின் முப்பத்து நான்கு என்றது. இடுக்கியும் டேப்பும் தங்களுக்கு உரிய பங்கு இறங்கியிருந்தன. மூன்று நம்பரும் இப்போதும் ஒத்துப்போகவில்லை, ஆனால் மூன்றும் ஒரே திசையில் நடந்து வந்திருந்தன. சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு இறங்கிவிட்டது, கல்லீரல் தெளிந்துவிட்டது. கிரியேட்டினின் பழையபடி. டாக்டர் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, “நான் எழுதிக் கொடுக்கிறேம்மா, நாள் குறிக்கலாம்” என்றார். அண்ணி டாக்டரைக் கும்பிடவில்லை. நேராக டயட்டீஷியன் அறைக்குப் போய், அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழுவின் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். “கட்டாயப்படுத்தறது நாந்தாங்க. அவருதான் வேணாம் வேணாங்கறாரு” என்றார் அண்ணி. கேட்டவருக்கு எழுதுகிற கை சிரிப்பில் ஆடியது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆபரேஷன் முடிந்துவிட்டது. உள்ளே வைத்த உடனேயே சிறுநீரகம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, நானும் அம்மாவும் அந்த வராந்தாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். இரண்டு நாள் கழித்து அண்ணனைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்க விட்டார்கள். நர்ஸ் ஒரு முழுப் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, குடிங்க என்று கையைக் காட்டினார். அண்ணன் பழக்கதோஷத்தில் ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். நர்ஸ் மறுபடியும் கையைக் காட்டினார், எல்லாத்தையும், எல்லாத்தையும் என்று. அண்ணன் பாட்டிலைத் தூக்கினார். தொண்டை ஏறி ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பாட்டில் காலியானதும் அதைத் தலைகீழாகப் பிடித்து என்னிடம் காட்டிச் சிரித்தார். பக்கத்து வார்டில் படுத்திருந்த அண்ணியிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். “ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. மண்வெட்டியை அண்ணன் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் மடை கட்டுகிற வேலையை அண்ணி விட்டுத்தரவில்லை. நானும் இப்போது காலையில் பெரியகோயில் அகழி ஓரமாக வேகமாக நடக்கிறேன், முட்டை சாப்பிடுகிறேன், கையில் தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குகிறேன். என்னுடைய நம்பரை இங்கே சொல்வதாக இல்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடுகிற மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும், அண்ணனும் அதற்கு வஞ்சனை இல்லாமல் சாப்பிடுகிறார். மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற சடங்கு அன்றைக்கு. அண்ணி மெஷின் சக்கரத்திலிருந்து அந்த மஞ்சள் டேப்பை உருவினார். அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

“மூச்ச விடுங்க” என்றார் அண்ணி.

“விட்டாச்சு.”

“டேப்பை ஏமாத்தலாம், என்னைய ஏமாத்த முடியாது. விடுங்க.”

அண்ணன் மூச்சை விட்டார். டேப் முதுகைச் சுற்றி வந்து, அடிவயிற்றின் வலப்பக்கம் இருக்கும் தழும்பின் மேல் படிந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை அந்த இடத்தில்தான் வைப்பார்கள். அண்ணியின் கட்டைவிரல் சிவப்புத் தையலுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது. போன மாதம் மூன்று விரற்கடை இருந்ததாம்.

“இந்தாங்க, கேட்டுக்கங்க” என்றார் அண்ணி, டேப்பைத் தளர்த்தாமலேயே. “உள்ள இருக்கிறது என் சாமான். இந்தச் செவப்பு நூலத் தாண்டி வந்துதான் அதை உங்களுக்குக் கொடுத்தேன். அதைச் சுத்தித் திரும்ப நீங்க கொழுப்பு வளத்தீங்கன்னா, நான் சும்மா விடமாட்டேன்.”

அண்ணன் டேப்பிலிருந்து நழுவிச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். கூடத்து மூலையில் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். அண்ணி அது முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, டேப்பைச் சுருட்டிச் சக்கரத்தில் மாட்டினார்.